அந்தோணியார் காலடி மெழுகு

மரியசூசைக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒரு நாற்காலி. பதவி நாற்காலி, பட்டத்து நாற்காலி எல்லாம் இல்லை. நாலு காலும் சாய முதுகும் உள்ள சாதாரண இரும்பு நாற்காலி. அதில் உட்கார்ந்தபடி சம்பளம் வாங்க வேண்டும். ஒரு மனுஷனுக்கு இதெல்லாம் பேராசையா என்று கேட்டால், பம்பாயில் பேராசைதான்.

தாராவியில் மன்சூர் அலியின் தோல் பதனிடும் கார்கானாவில் இருபது வருஷமாக அவர் சுண்ணாம்புத் தொட்டியோரம் நின்றுகொண்டிருந்தார். ஊறிய மாட்டுத் தோல் என்ன கனம் கனக்கும் என்பது அதைத் தூக்கித் தோளில் போட்டவனுக்குத்தான் தெரியும். தொட்டியிலிருந்து எடுத்து, மரத்தில் விரித்து, மயிர் சீவி, மறுபடி தொட்டியில் போட்டு, மறுபடி எடுத்து, இடுப்பு எப்போதோ விடை வாங்கிக்கொண்டது. குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் குனிய முடியாது. விரல் நுனிகளைச் சுண்ணாம்பு அரித்துத் தின்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போது சட்டைப் பொத்தானைக்கூட அவர் மனைவி சேசம்மாள்தான் போட்டுவிட வேண்டும். அதற்கு அவள் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. அவருக்குத்தான் வெட்கமாக இருக்கும்.

மன்சூர் அலி நல்ல மனுஷர், மேலப்பாளையத்துக்காரர். "ஒக்காந்து செய்யுத வேலை எங்கிட்ட இல்லியே வே. இருக்கது ஒரு நாற்காலி, அதுல நான்தான் ஒக்காந்திருக்கேன்" என்பார். சொல்வது உண்மை. அதனாலேயே அவர்மேல் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று.

இப்படியிருக்கையில்தான் பிரம்மநாயகம் பிள்ளை வந்து ஆசையைக் கிளப்பிவிட்டார். அவர் செம்பூரில் ஒரு பெயிண்ட் கம்பெனிக்கு மானேஜர், வீடு மாதுங்காவில், பூர்வீகம் தென்காசிப் பக்கம். மிஷின் பெல்ட்டுக்குத் தோல் பார்க்கக் கார்கானாவுக்கு வருவார். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டே பேசுவார்.

"சூசை, நீரு பட்டாளத்துல இருந்த ஆளுதானே?"

"ஆமாங்கய்யா. பர்மா சண்டையில இருந்தேன்."

"எங்க கேட்டுக்கு ஒரு கன்மேன் வேணுமாம். சொந்தத் துப்பாக்கியும் லைசென்சும் இருக்கணும், கம்பெனி தராது. மொதலாளி சின்ன சேட்டு முன்னால நாலு குண்டு சுட்டுக் காட்டணும். மத்தபடி என்ன வேலை? கேட்டுல ஒக்காந்திருக்க வேண்டியதுதான்."

மற்றதெல்லாம் மரியசூசை காதில் விழுந்ததோ இல்லையோ, 'ஒக்காந்திருக்க வேண்டியது' மட்டும் நன்றாக விழுந்தது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு செம்பூருக்குப் போய் அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டே வந்துவிட்டார். கேட்டுக்கு உள்புறம், தகரக் கூரை நிழலில் கிடந்தது. யாரோ ஒரு பழைய மெத்தைத் துண்டை மடித்து அதன்மேல் போட்டிருந்தார்கள். பெண் பார்க்கப் போனவன்கூட அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டான்.

"கை வச்ச நாற்காலி சேசம்மா," என்றார் வீட்டுக்கு வந்து. "மெத்தையும் கெடக்கு."

சேசம்மாள் இரண்டு காதிலிருந்தும் கம்மலைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள். மகள் ஜெயசீலியை டோம்பிவிலியில் கட்டிக்கொடுத்தபோதுகூடத் தப்பிப் பிழைத்த கம்மல் அது.

பட்டாளத்துக் காகிதங்கள் இருந்ததால் லைசென்சு கிடைத்தது. கிடைப்பதற்குள் ஒரு ஜோடிச் செருப்பு தேய்ந்தது. புதுத் துப்பாக்கியின் விலையைக் கேட்டதும் தலை சுற்றியது. கோட்டைப் பக்கம் துப்பாக்கிக் கடை வைத்திருந்த பார்ஸிக்காரர்தான் இரக்கப்பட்டு வழி சொன்னார். மாதுங்கா ரயில்வே குவார்ட்டர்ஸில் ராபர்ட்ஸ் என்று ஓர் ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரர், ரயில் டிரைவர், ரிட்டயராகி ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறப் போகிறார். அவரிடம் பழைய அமெரிக்கத் துப்பாக்கி ஒன்று இருக்கிறது, போய்ப் பாரும் என்றார்.

ராபர்ட்ஸ் துரை மரப்பெட்டிகளுக்கு ஆணியடித்துக்கொண்டிருந்தார். துப்பாக்கியைக் கட்டிலடியிலிருந்து எடுத்துக் காட்டினார். மரியசூசை பட்டாளத்தில் பார்த்த ரகம் இல்லை இது. விசைக்குக் கீழே, கை நுழைகிற மாதிரி ஓர் இரும்பு வளையம். அந்த லீவரை முன்னால் தள்ளினால் சுட்ட தோட்டா வெளியே துள்ளும், பின்னால் இழுத்தால் அடுத்தது உள்ளே ஏறி உட்காரும். மரக்கட்டையில் கீறல்கள் இருந்தன, குழலின் கருநிறம் பாதி போயிருந்தது. ஆனால் லீவர் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போயிற்று. மரியசூசை இரண்டு தரம், மூன்று தரம் இழுத்துப் பார்த்தார். மரத்துப்போன அந்த விரல்களுக்கு அது இதமாக இருந்தது. வெகு நாளைக்குப் பிறகு, தன் கை ஒரு காரியத்துக்கு ஆகும் என்ற எண்ணம் வந்தது.

ஒரு சங்கடம். இதற்கான தோட்டா இப்போது கடையில் கிடைப்பதில்லை. போன வருஷத்துப் பாகிஸ்தான் சண்டைக்கு அப்புறம் வெளிநாட்டுச் சரக்கு வரத்தே நின்றுபோயிற்று. யானையைக் கொடுத்தவர் அங்குசம் தராமல் போவாரா? ராபர்ட்ஸ் துரை ஒரு தகர டப்பாவைத் திறந்தார். சுட்டுக் காலியான பித்தளைக் கூடுகள், கூட்டுக்குள் குண்டைப் பொருத்துகிற கைக்கருவி, பாக்குவெட்டி மாதிரி இரண்டு கையுள்ள ஓர் இரும்பு அச்சு. ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றினால் குண்டு. வெடிமருந்துக்கும் அதைப் பற்றவைக்கிற கேப்புக்கும் பார்ஸிக்காரர் பொறுப்பு. கம்மல் விற்ற பணம் துரை கைக்குப் போயிற்று.

"ஒரு விஷயம் மறக்காதே," என்றார் துரை, பம்பாய் இந்தியில். "குண்டைச் சுற்றி வரி ஓடுது பார், அதில் மெழுகு தடவணும். அசல் தேன்மெழுகு, கொஞ்சம் கொழுப்பு சேர்த்து. வேற மெழுகு தடவினா ஈயம் குழலுக்குள்ளே ஒட்டிக்கும். முதல் குண்டு நேரா போகும். அப்புறம் போறதெல்லாம் குடிகாரன் மாதிரி போகும்."

தேன்மெழுகுக்கு எங்கே போவது என்று மரியசூசை யோசிக்கவே இல்லை. சின்ன வயதில் பூசைக்கு மணியடித்தவர் அவர். பலிபீடத்தில் ஏற்றுகிற திரி தேனீ மெழுகில் செய்ததாக இருக்க வேண்டும் என்பது திருச்சபைக் கட்டளை என்று பங்குச் சாமியார் சொன்னது நினைவிருந்தது. சேசம்மாள் சனிக்கிழமைதோறும் தாராவியில் தங்கள் அந்தோணியார் கோயிலைப் பெருக்கிக் கழுவிவிடுகிறவள். அவள் உபதேசியாரிடம் கெஞ்சி, பலிபீடத்தில் எரிந்து மீந்த திரித் துண்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். மஞ்சளாக, பிசுபிசுப்பாக, லேசாகத் தேன் வாசனையோடு இருந்தன.

குண்டு வார்க்கிற வேலை அவர்கள் குடிசை வாசலில் கரியடுப்பில் நடந்தது. காயலான் கடையில் வாங்கிய பழைய ஈயக் குழாயைத் துண்டுபோட்டு, பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயம் கொஞ்சம் சேர்த்து, இரும்புக் கரண்டியில் உருக்கினார். அச்சில் ஊற்றித் திறந்தால் வந்தது குண்டா? சுருங்கிப்போன உலர்ந்த திராட்சை. மறுபடி ஊற்றினார். மறுபடியும் திராட்சை.

சேசம்மாள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "கல்லு காயாம ஊத்துனா பணியாரம் எப்படி வரும்? அச்ச மொதல்ல அடுப்புல காட்டுங்க" என்றாள்.

காட்டினார். பளபளவென்று குண்டு விழுந்தது. "பட்டாளத்துக்கு ஒன்னைய அனுப்பியிருக்கணும்ளா" என்றார். இருவரும் சிரித்தார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் நின்றுவிட்டு வந்த மனுஷன் சாயங்காலத்தில் சிரித்து அவள் பார்த்து நெடுநாளாயிற்று.

மெழுகு தடவுவது அவள் பாடு. வரி அத்தனை சன்னம், அவர் விரலுக்கு அகப்படாது. கார்கானாவிலிருந்து கொண்டுவந்த ஆட்டுக் கொழுப்பை மெழுகோடு சேர்த்து உருக்கி, பிள்ளைக்கு மை தீட்டுகிற மாதிரி ஒவ்வொரு குண்டுக்கும் தடவிக் கொடுப்பாள். அவர் அதைக் கூட்டுக்குள் வைத்து அழுத்துவார். அழுத்திவிட்டால் மெழுகு கூட்டுக்குள் மறைந்துவிடும், வெளியே தெரியாது.

துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு குர்லாவில் ரயில் மாறிச் செம்பூருக்குப் போனார். வண்டியில் ஊர்க்காரர் ஒருவர் சாக்குமூட்டையின் நீளத்தைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, நாயனமா? எங்க கச்சேரி?" என்றார். மரியசூசை, "செம்பூர்ல" என்று சொல்லிவைத்தார். கம்பெனிக்குப் பின்னால் கைவிட்ட கல்குவாரி ஒன்று உண்டு. பிள்ளைவாள்தான் சொல்லிவைத்து அங்கே பழக அனுமதி வாங்கிக் கொடுத்திருந்தார்.

மண்ணெண்ணெய் டின் ஒன்றை மண்மேட்டில் நிறுத்தி, ஐம்பது கஜம் எட்டி வந்து, மண்டிபோட்டார். மண்டி போடவே இடுப்பு உயிரை வாங்கிற்று. முதல் வெடியில் டின் எகிறி விழுந்தது. போய் நிறுத்திவிட்டு வந்தார். மறுபடியும் விழுந்தது. லீவரை இழுத்து இழுத்துச் சுட்டார், வைத்ததெல்லாம் பட்டது. காக்கைகள் கத்திக்கொண்டு குவாரிக்கு மேலே சுற்றின. புகை நாற்றம் மூக்கில் ஏற, மரியசூசைக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் வந்ததா களைப்பில் வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சின்ன சேட்டு நாள் குறித்தார். அதற்கு முந்தின சாயங்காலம் கார்கானாவில் சரக்கு ஏற்றுகிற வேலை. லாரி நிறையத் தோலைச் சுமந்துவிட்டு, கால்கள் தன்னுடையவைதானா என்கிற நிலையில் வீடு வந்து சேர்ந்தார். சேசம்மாள் குண்டுகளுக்கு மெழுகு தடவித் தட்டில் வரிசையாக வைத்திருந்தாள். மெழுகு வழக்கத்தைவிட வெளுப்பாக இருந்தது அவர் கண்ணில் படத்தான் செய்தது. கொழுப்பு கூடிப்போய்விட்டது போல என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கூட்டில் வைத்து அழுத்தினார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

மறுநாள் குவாரியில் சின்ன சேட்டு காரைவிட்டு இறங்காமல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளைவாள் பக்கத்தில் குடை பிடித்து நின்றார். மரியசூசையைத் தவிர இன்னொருவனும் வந்திருந்தான். பனாரஸ் பக்கத்து பையா, முறுக்கின மீசை, தோளில் இரட்டைக்குழல் துப்பாக்கி. மண்மேட்டில் டின்களை நிறுத்தினார்கள்.

மரியசூசைக்கு முதல் வாய்ப்பு. மண்டியிட்டார், மூச்சை அடக்கினார், விசையை இழுத்தார். டின் பறந்தது. "சபாஷ்!" என்றார் சின்ன சேட்டு. பிள்ளைவாள் தானே சுட்டமாதிரி தலையை ஆட்டிக்கொண்டார்.

இரண்டாவது குண்டு டின்னின் ஓரத்தை உரசிக்கொண்டு போயிற்று. மூன்றாவது மண்ணில். நான்காவது எங்கே போயிற்று என்று மேலிருந்த காக்கைக்குத்தான் தெரியும். ஐந்தாவது பக்கத்திலிருந்த பாறையில் பட்டு விசிலடித்துக்கொண்டு போக, காரோட்டி பயந்து குனிந்துகொண்டான். சின்ன சேட்டு சிரித்தார். மரியசூசை லீவரை வேகமாக இழுத்தார். இன்னும் இரண்டு சுட்டார். அவையும் வீண்.

"துப்பாக்கிக்கு என்னமோ ஆயிட்டுதுங்கய்யா," என்றார் பிள்ளைவாளிடம்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று பல்லைக் கடித்தார் பிள்ளைவாள். "என் மானத்த வாங்கிட்டீரே வே. எந்திரியும்."

பையா வந்தான். தோளில் வைத்து இரண்டு குழலையும் ஒரேயடியாக வெடித்தான். சல்லடைக் கண்ணாகத் துளைபட்டு இரண்டு டின்கள் உருண்டன. சன்னம் சன்னமாகச் சிதறுகிற குண்டுக்குக் குறி எதற்கு, திசை போதாதா? அதை யாரிடம் போய்ச் சொல்வது? சின்ன சேட்டு காரின் கதவைச் சாத்தினார். பையா பிள்ளைவாளுக்கு சலாம் வைத்தான்.

எல்லாரும் போனபிறகு மரியசூசை ஒரு கல்லின்மேல் துப்பாக்கியைக் கிடத்தி, லீவரைத் திறந்து, வெயிலுக்கு நேராகப் பிடித்துக் குழலுக்குள் பார்த்தார். கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய குழலுக்குள், நெடுக மீன் செதில் ஒட்டினமாதிரி ஈயம். துரை சொன்னது சொன்னபடி. மிச்சமிருந்த ஒரு தோட்டாவிலிருந்து குண்டைத் திருகிப் பிடுங்கினார். வரியிலிருந்த மெழுகு சுண்ணாம்புக் காரை மாதிரி உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தார். தேன் வாசனை இல்லை. கடையில் காசுக்கு விற்கிற வெள்ளை மெழுகுதிரி வாசனைதான் வந்தது.

அவருக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல! குர்லா வரைக்கும் அந்தக் கோபத்தோடே நின்றுகொண்டு வந்தார், வண்டியில் உட்கார இடமிருந்தும். தடவுகிறவளுக்கு வெள்ளை எது மஞ்சள் எது என்று தெரியாதா? கம்மல் போயிற்று, நாற்காலி போயிற்று, இருந்த மானமும் போயிற்று. சயான் ஸ்டேஷனிலிருந்து நடக்கிறபோது ஒவ்வொரு வசவாக எடுத்துக் கோத்துக்கொண்டே நடந்தார். கட்டின நாளிலிருந்து அவளை அவர் அப்படி வைததில்லை. இன்றைக்கு வைவது என்று முடிவு கட்டியாயிற்று.

சேசம்மாள் தலைக்குக் குளித்து, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வெளுத்த சேலை கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். வெறும் காதோடு அந்த முகம் சின்னப்பிள்ளை முகம்போல இருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"ஏங்க, நான் ஒரு காரியம் செஞ்சேன். ஒங்ககிட்ட சொல்லல, கோவிச்சுக்கிடாதிய. பலிபீடத்து மெழுகு வேண்டாம்னு வச்சுட்டேன். அது கோயில் காசுல வாங்கி ஏத்துதது. அந்தோணியார் காலடியில சனங்க ஏத்துதாங்கல்லா, பிள்ளை வரம் கேட்டு, சீக்குத் தீரக் கேட்டு, அழுதுகிட்டே ஏத்துதாங்கல்லா, அந்த நேர்ச்சை மெழுகச் சொரண்டி எடுத்துட்டு வந்து தடவுனேன். அத்தன பேரு கண்ணீரு அதுல இருக்கு. குறி தப்புமா, சொல்லுங்க? பட்டுதா?"

மரியசூசை கோத்து வைத்த வசவெல்லாம் நூலறுந்து உதிர்ந்துபோயிற்று. சனிக்கிழமைகளில் அந்தோணியார் சுரூபத்தடியில் இவள் குந்தியிருந்து தரையில் உருகிக் கிடக்கிற கடைத்திரி மெழுகை நகத்தால் சுரண்டுவது அவர் கண்ணுக்குள் வந்தது. தனக்காகச் சுரண்டியிருக்கிறாள். இவளிடம் போய், உன் மெழுகுதான் என் வேலையைக் கெடுத்தது என்று எப்படிச் சொல்வது? சொன்னால் இந்த ஜென்மத்துக்கு அவள் அதை மறக்க மாட்டாள். அந்தக் கோயில் படியைக்கூட அப்புறம் மிதிப்பாளோ என்னவோ. அவள்மேல் அவருக்கு அப்படி ஓர் இரக்கம் வந்தது.

"பட்டுது," என்றார். "வச்சதெல்லாம் பட்டுது. ஒண்ணுகூடத் தப்பல."

"பாத்தியளா!" சேசம்மாள் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். "அப்ப வேலை?"

"அது கெடக்கலளா. முன்னமே ஒரு பையாவப் பேசி வச்சிருக்கானுவ. நம்மளக் கூப்புட்டது சும்மா கண்தொடைப்புக்கு. ஒன் மேல தப்பில்ல, எம்மேலயும் தப்பில்ல. விடு."

நன்றாகத்தான் சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தோன்றியது. பழியைச் சேட்டு தலையில் போட்டாயிற்று, சேட்டு வருத்தப்படப் போவதில்லை. ஆனால் சேசம்மாளின் கும்பிட்ட கை மெல்ல இறங்கியது. பிறகு முகம் கோணிற்று.

"அய்யோ, நான்தான் கெடுத்தேன்," என்றாள்.

"நீ என்னளா கெடுத்த?"

"மெழுகச் சொரண்டையில குறி தப்பக்கூடாது, குறி தப்பக்கூடாதுன்னுதான் கேட்டேன். அத அவரு குடுத்துட்டாரே. வேலையக் கேக்கலியே நான்! வேலையக் கேக்க மறந்துட்டேனே, பாவி மட்ட!"

அவள் வாசல் நிலையில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழத் தொடங்கினாள். பக்கத்துக் குடிசைக்காரி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். மரியசூசை சாக்குமூட்டையைச் சுவரோரம் சாத்தி வைத்தார். உள்ளதைச் சொன்னாலும் பழி அவள்மேல், இல்லாததைச் சொன்னாலும் பழி அவள்மேல். இனி எந்த வார்த்தையைச் சொல்லி அதை அவளிடமிருந்து இறக்கி வைப்பது என்று பார்த்தார்.

"அழாத சேசம்மா," என்றார். "பசிக்கி. சோத்தப் போடு."